ஆட்டுவகை மாணாக்கரும் லினக்ஸ் நூல்தேடலும்: ஓர் ஆய்வுரை

லினக்ஸ் இயங்குதளம் கற்கப் புகுவோர் முதலில் திறப்பது டெர்மினல் என்னும் கறுப்புத் திரையை அன்று, தேடுபொறியை. 'புதியவருக்கு மிகச் சிறந்த நூல் எது?' என்ற வினாவோடு தொடங்கும் இத்தேடற்பருவம், பல நேர்வுகளில், ஆர்வம் தீரும்வரை நீடிக்கிறது. அதுவரை லினக்ஸ் நிறுவப்படுவதில்லை.

மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி வரை எட்டு வகையாகப் பகுத்த நன்னூல், ஆட்டைக் கடைநிலையில் வைத்தது. ஒரு செடியில் வயிறு நிரம்பாமல் செடிக்குச் செடி தாவுவது ஆட்டின் இயல்பு. லினக்ஸ் பிறந்தது 1991இல். நன்னூல் இயற்றிய பவணந்தியாரோ 13ஆம் நூற்றாண்டினர். இருந்தும் குறி தப்பவில்லை.

சான்றுக்கு, இவ்வகை மாணாக்கரின் டவுன்லோடு கோப்புறையைத் திறப்போம். வில்லியம் ஷாட்ஸ் எழுதி இலவசமாகவே வழங்கும் 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்', 500 பக்கங்களுக்கு மேற்பட்டது, அங்கே இருக்கும். அதே நூல், பெயரின் இறுதியில் (1) என்ற குறியோடு, இன்னொரு முறையும் இருக்கும். இரு படிகளையும் ஒப்புநோக்கியதில் பாடபேதம் ஏதும் இல்லை. இரண்டும் திறக்கப்படவே இல்லை. பக்கத்தில் கணியம் இணைய இதழ் தமிழில் வெளியிட்ட லினக்ஸ் மின்னூல். அதுவும் புத்தம் புதிதாகவே இருக்கிறது. லினக்ஸ் வழங்கல்களில் சிறந்தது உபுண்டுவா மின்ட்டா என்ற பட்டிமன்றக் காணொளிகளை இவ்வாய்வு கணக்கில் கொள்ளவில்லை, அவற்றுக்கு முடிவில்லை.

'நூல் கணினிக்குள்ளேயே இருக்கிறதே!' என்பர் மூத்தோர். உண்மைதான். தாம்சனும் ரிட்சியும் 1971இல், லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸுக்கு எழுதிய கையேட்டின் வழிவந்ததே இன்றைய 'மேன்' கட்டளை. 'மேன் எல்எஸ்' என்று அடித்தால், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு உரை விரியும். உற்சாகம் பொங்க, கோப்புறை மாற்றும் சிடிக்கும் உரை தேடி 'மேன் சிடி' என்று அடிப்பார் மாணாக்கர். உபுண்டுவில், அப்படியொரு பக்கமே இல்லை என்று பதில் வரும். முதல் நாள் பாடமே எல்எஸ், சிடி இரண்டுதான். அதில் ஒன்றுக்கு உரை கிடையாது! காரணம் எளிது: சிடி தனி நிரல் அன்று, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் உள்ளுறுப்பு. வெளியிலிருந்து வரும் நிரல் எதனாலும் ஷெல்லின் இருப்பிடத்தை மாற்ற முடியாது. ஆகவே அதன் விளக்கம் 'ஹெல்ப் சிடி' என்று கேட்டால் வரும்.

ஷாட்ஸ் இந்த நுட்பத்தை 5ஆம் இயலிலேயே விளக்கியிருக்கிறார். ஆடு 2ஆம் இயலிலேயே அடுத்த செடிக்குப் போயிருக்கும். எனவே எந்த நூல் சிறந்தது என்னும் வினா பொருளற்றது, எதையாவது 5ஆம் இயல் வரை, கட்டளைகளை அடித்துப் பார்த்தபடி படித்தவர் உண்டா என்பதே வினா என இவ்வாய்வு துணிகிறது.

எஞ்சியது ஒரு சிக்கல். மேன் பக்கத்துக்குள் போனவர் வெளியே வரத் தெரியாமல் தவிப்பது பரவலாகக் காணப்படுகிறது. க்யூ எழுத்தை அழுத்தினால் போதும். திரையின் அடிவரியிலேயே அது எழுதியிருக்கிறது. அதைப் படிப்பதற்குள் மாணாக்கர் ஜன்னலை மூடிவிடுகிறார். சிலர் கணினியையே.