ஒலுவில் கரையும் வாக்குச்சீட்டும்

கேள்வி: கடற்கரையில் குப்பை பொறுக்கி, நாலு மரம் நட்டால் போதாதா? காலநிலைக்கும் வாக்குக்கும் என்ன சம்பந்தம்?
– இளம் வாசகர், மருதமுனை

பதில்: கிழக்குக் கரையோர ஊரான ஒலுவிலுக்குப் போனால் அந்தச் சம்பந்தம் கண்ணுக்கே தெரியும். அங்கே 2013இல் துறைமுகம் திறந்தார்கள். அலைதடுப்புச் சுவர் கரையோர மணலின் ஓட்டத்தை மறித்தது. வடக்குப் பக்கத்தில் கடல் ஏறி, தென்னைகளையும் காணிகளையும் விழுங்கியது. கடல்மட்டம் உயர உயர இந்த அரிப்பு இன்னும் கடுமையாகும்.

குப்பை பொறுக்குவது நல்ல காரியம், விடவேண்டாம். ஆனால் துறைமுகத்தை எங்கே கட்டுவது, எந்தக் கரைக்குக் கல் போடுவது என்று தீர்மானிக்கும் கதிரைகளுக்கு ஆள் அனுப்புவது வாக்குத்தான்.

இலங்கையில் வாக்களிக்கும் வயது 1959இலேயே 21இலிருந்து 18 ஆகிவிட்டது. அப்படியிருந்தும், 2025 மே 6இல் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நீதிமன்ற வழக்கு ஒன்றினால் உங்கள் ஊரும் அடங்கும் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு நடக்கவில்லை. வடிகானையும் குப்பையையும் பார்க்கவேண்டிய சபையே அதுதான்! அங்கே மக்கள் தெரிவுசெய்தவர்கள் அமரவேண்டும் என்று இளைஞர் உரத்துக் கேட்பதும் காலநிலைப் பணியே.

18 வயதாகிவிட்டதா? கிராம சேவகரிடம் போய், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.