ரீசார்ஜ் மாமா

2021 மே, கொரோனா இரண்டாம் அலையில் அக்கா வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். ஆலங்குடிப் பக்கம் ஊர். ஊரடங்கில் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட ஆள் சேரவில்லை. அக்கா, ஒன்பதாவது படிக்கும் அவள் மகள், தாய்மாமன் என்ற பொறுப்போடு நான்.

பொறுப்பை நான் காகிதத்தில்தான் காட்டினேன். கொரோனாவில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளின் குடும்பத்துக்குத் தமிழக அரசு அறிவித்த 3 லட்சம் ரூபாய்க்காக இறப்புச் சான்றும் ஆதார் நகலுமாகப் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தேன். பணம் வந்ததும் வீட்டில் நான் பெரிய மனுஷனாகிவிட்டேன். அதுதான் என்னைக் கெடுத்தது.

பிள்ளை நடுராத்திரியிலும் போனும் கையுமாக இருந்தாள். ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன். செல்போனால் தூக்கம் கெடும் என்ற கட்டுரையை அவளுக்கே வாட்ஸப்பில் அனுப்பினேன். அனுப்பியபோது மணி பன்னிரண்டேகால்.

அப்பா படத்தை அவள் ஸ்டேட்டஸ் வைத்தபோது கைகூப்பும் ஸ்டிக்கர் ஒன்றைப் போட்டேன். ஆபீஸில் யார் வீட்டுத் துக்கத்துக்கும் நான் போடுவது அதே ஸ்டிக்கர்தான்.

இன்ஸ்டாகிராமில் யாரிடமோ மணிக்கணக்கில் பேசுகிறாள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் ஏட்டு போல விசாரித்தேன்.

"யாரு அந்தப் பையன்?"

"பையன் இல்ல மாமா. திருவாரூர்ல ஒரு அக்கா. அவங்க அம்மாவும் அதே மாசம்தான் போனாங்க."

முகம் தெரியாதவர்களோடு பிள்ளைகள் பேசுவதில் ஆபத்து உண்டு, அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் முகம் தெரிந்த நாங்கள் யாரும் அவள் அப்பா பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் அழுவாளாம்.

இனி பெரிய சாதனை. மச்சானின் சிம்மை பேங்க் ஓடிபிக்காக என் பட்டன் போனில் போட்டு வைத்திருந்தேன். வேலை முடிந்ததும், "இனி எதுக்கு மாசாமாசம் தண்டம்?" என்று ரீசார்ஜை நிறுத்தினேன். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது எனக்குத் தெரியாது.

ஒருநாள் போனை நீட்டினாள். 'அப்பா' என்ற பெயருக்குப் பக்கத்தில், புல்லட்டில் சாய்ந்து நிற்கும் கூலிங்கிளாஸ் பையன். மேலே தள்ளிப் பார்த்தேன். கணக்கில் எத்தனை மார்க், அம்மா இன்று சாப்பிட்டாளா, பலா மரம் காய்த்ததா என்று அவள் மாதக்கணக்கில் அனுப்பியவை, எல்லாம் ஒற்றை டிக். நடுநடுவே, "மாமா இன்னிக்கும் அட்வைஸ்". கடைசியாக ஒன்றுக்கு மட்டும் இரண்டு டிக், பதில்: "யாருங்க நீங்க?"

நான் சொன்னது என்ன தெரியுமா? "பிளாக் பண்ணிரு பாப்பா."

2022 அக்டோபரில் வந்த டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ஐத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அதை அவள் முன்பே போனில் பதிந்து வைத்திருந்தாள், சிறார் உதவி எண் 1098ஐயும் சேர்த்து.

உங்கள் வீட்டில் இறந்தவரின் சிம் இருந்தால், ரீசார்ஜை நிறுத்துமுன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.