ஃபிட்னஸ் ஆசாமி ஆவது எப்படி?

உடம்பைக் குறைப்பது கஷ்டம். உடம்பைக் குறைக்கிற ஆள் என்று பெயர் வாங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. இரண்டாவதற்கு மட்டும் இங்கே வழி சொல்லப்படும்.

முதலில் ஷூ. கிளிப்பச்சையில் வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓடவேண்டும் என்று கட்டாயமில்லை. கிரகப்பிரவேசத்துக்குப் போட்டுப் போனால் போதும். வாசலில் நிதானமாகக் கழற்றும்போது எல்லோர் கண்ணிலும் படும். கையில் ஸ்மார்ட் வாட்ச். அது தினம் பத்தாயிரம் அடி கேட்கும். டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு செய்த எண் அல்ல இது. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க, அதற்கு வைத்த பெயரில் இருந்தது. இதை வெளியே சொல்லாதீர்கள். ராத்திரி 9,640-ல் நின்றுவிட்டால், விருந்தாளி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடங்கள். ஏன் என்று கேட்பார்கள். கேட்கத்தானே நடக்கிறோம்?

அடுத்தது சாப்பாடு. கறுப்புக் கவுனி, வரகு, சாமை என்று வாயில் புழங்கட்டும். ஐ.நா. சபையே 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை அவ்வப்போது எடுத்துவிடலாம். "எங்க தாத்தா கம்பங்கூழ் குடிச்சே தொண்ணூறு வரைக்கும் இருந்தார்" என்பதும் எடுபடும். தாத்தா ஏர் உழுதார், நெல்லுச்சோற்றுக்குத் தீபாவளி வரை காத்திருந்தார் என்பதெல்லாம் அவசியமில்லாத தகவல். வெள்ளைச் சர்க்கரையை விஷம் என்று திட்டிவிட்டு, காபியில் நாட்டுச் சர்க்கரையை ஒரு ஸ்பூன் கூடப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரிதான். நாக்குக்கு அது தெரியாது.

அரங்கேற்றம் கல்யாணப் பந்தியில். ஜாங்கிரி வருகிறது. இரண்டு கையையும் இலைமேல் குடை மாதிரி விரியுங்கள். "வேண்டாங்க, ஸ்வீட்டை விட்டு மூணு மாசமாச்சு" என்பது எதிர்வரிசைக்குக் கேட்க வேண்டும். பக்கத்து இலை மாமா, "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது தம்பி" என்பார். சொல்லாத மாமா இன்னும் பிறக்கவில்லை. "இல்ல மாமா, இன்ஃப்ளமேஷன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கப் போகாதீர்கள். அவர் இருபது வருஷச் சர்க்கரைக்காரர். மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஜாங்கிரியைப் பிய்க்கிறார். மெட்ஃபார்மின் பற்றி அவர் வகுப்பெடுத்தால் ரசம் வந்தாலும் முடியாது. சாதத்தைக் கால் கரண்டியோடு நிறுத்திவிட்டு, மூன்றாவது உளுந்து வடையைக் கேட்டு வாங்குங்கள். யாராவது பார்த்தால், "புரோட்டீன்."

கடைசியாக, பூங்கா வாசல். அருகம்புல் சாற்றுக்காரரிடம் டம்ளரோடு நின்று அரைமணி பேசுவதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா என்று பலருக்குச் சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, பேச்சு சேராது. அதாவது நாளைக்கு இருபத்திரண்டு நிமிடம்கூட இல்லை. அதைப் பழைய செருப்போடு தெருவிலேயே கைவீசி நடந்து முடித்துவிடலாம். ஆனால் அதில் ஒரு பெரிய குறை: செய்வது யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் ஏதோ கொஞ்சம் நன்றாக வரும், அவ்வளவுதான். லேப் ரிப்போர்ட்டை ஸ்டேட்டஸில் வைத்தால் நாலு பேர்கூடப் பார்க்க மாட்டார்கள்.