எழுத்தாளர் வந்துவிட்டார், அலமாரி எங்கே?

திருப்பூரில் உழைக்கிற வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் படிக்கிற நாள். சனிக்கிழமை ராத்திரி சம்பளம் கைக்கு வந்துவிடும். மறுநாள் காலையில் துணி துவைத்து, தலைக்குக் குளித்து, வீட்டுக்குக் கறி எடுத்துக் கொடுத்துவிட்டால் மிச்ச நேரம் நம்முடையது. கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கைமடிக்கப் போனேன். டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் நின்று துணியின் ஓரத்தை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் ஒன்றரை ஷிப்ட் என்று கணக்கு. என் வயதுப் பையன்கள் ஒவ்வொரு பவர் டேபிளிலும் இருந்தார்கள். என்னைவிடச் சின்னவர்களும் இருந்தார்கள். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களில் எங்கள் பகுதி நூலகத்தில் உட்கார இடம் கிடைக்காது. பெரியவர்கள் தினசரியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு படித்தார்கள். நாங்கள் கதைப் புத்தகம் தேடினோம்.

கிடைத்தவை இரண்டு வகை. ஒரு பக்கம் சிறுவர் அலமாரியில் முயலும் சிங்கமும் ராஜகுமாரனும். இன்னொரு பக்கம் கல்கி, சாண்டில்யன், அகிலன், நா. பார்த்தசாரதி. குரல் உடைந்து, மீசை அரும்பி, அப்பாவிடம் பேசத் தயங்குகிற வயதில் இருப்பவனுக்கு நடுவில் எதுவும் இல்லை. அதனால் கைக்காசு போட்டு வெளியே வாங்கினோம். ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அந்த வருஷம்தான் வரத் தொடங்கியிருந்தன. பஸ் ஸ்டாண்டுக் கடையில் ராஜேஷ்குமார் நாவல்கள் தொங்கும். அவர் கோயம்புத்தூர்க்காரர் என்று தெரிந்தபோது எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் மெட்ராஸில் இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். 1942-லேயே ‘நாகம்மாள்’ எழுதிய ஆர். சண்முகசுந்தரம் தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் பிறந்தவர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எழுத்தாளர் ஒருவர் நம் நூலகத்துக்கு வந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார் என்பது நினைப்பில்கூட இல்லை.

இன்று நிலைமை அடியோடு மாறிவிட்டது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயத்தை 1998-இல் ‘சாயத்திரை’ நாவலாக எழுதினார் சுப்ரபாரதிமணியன். எம். கோபாலகிருஷ்ணன் 2002-இல் ‘அம்மன் நெசவு’ம், 2004-இல் ‘மணல் கடிகை’யும் எழுதினார். இளம் நண்பர்கள் ஐந்து பேர் இந்த ஊரின் பனியன் தொழிலோடு சேர்ந்து வளர்வதும் சிதறுவதும்தான் ‘மணல் கடிகை’. எங்கள் பதினைந்து வயதை நாங்கள் முப்பதைத் தாண்டிய பிறகு படித்தோம். தாமதமாக வந்தாலும் அது எங்கள் கதை. இடையில் சிறார் எழுத்தும் வளர்ந்தது. சாகித்திய அகாதெமி 2010 முதல் அதற்கென்று தனிப் பரிசு தருகிறது. பெண் குழந்தைக்கு நேரும் தொல்லையை அவளே வெளியே சொல்லும் தைரியம் பெறுவதை எழுதிய யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் அந்தப் பரிசைப் பெற்றது. எங்கள் காலத்தில் வீட்டிலும் பள்ளியிலும் வாய் திறக்க முடியாத விஷயம் இன்று பிள்ளைகளின் கதையாகியிருக்கிறது.

சமீபத்தில் ஒரு ஞாயிறு, கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதும் உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் வந்திருந்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். லீவில் கம்பெனிக்குப் போய் சைக்கிள் வாங்கக் காசு சேர்க்கும் பையனின் கதையை அவர் வாசித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

“ஏனுங்க சார், அந்தப் பையன் பிசிறு வெட்டறான்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா செக்கிங்தான் போறாங்க. ட்ரிம்மர் விரல்ல மாட்டியே இருக்குமுங்க, தண்ணி குடிக்கறப்பக்கூடக் கழட்ட மாட்டாங்க. ராத்திரி வந்து பார்த்தா அந்த விரல் மட்டும் தடிச்சிருக்கும். அதைப் போடலீங்களே?”

எழுத்தாளர் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, “போட்டுடறேன் கண்ணு” என்றார். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், நம் ஊர்த் தமிழிலேயே, “எங்க ஆளுங்களும் கதையில வருவாங்களா சார்?” என்று கேட்டான். நாற்பது வருஷத்துக்கு முன் நாங்கள் யாரிடம் இப்படிக் கேட்டிருக்க முடியும்? தன் அம்மாவின் விரல் கதையில் இடம் பெற வேண்டும் என்று ஒரு பெண் உரிமையோடு கேட்கிறாள். இலக்கியம் ஒரு ஊருக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

கூட்டம் முடிந்து அந்தப் பெண் எழுத்தாளரின் புத்தகத்தை எடுத்துப் போக வந்தாள். நூலகத்தில் அந்தப் புத்தகம் இல்லை. எழுத்தாளர் தன் பையிலிருந்த பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். வந்து போன பஸ் செலவும் அவருடையதே. சிறுவர் அலமாரியும் பெரியவர் அலமாரியும் நான் சின்ன வயதில் பார்த்த மாதிரியே இருந்தன, நடுவில் அதே வெற்றிடம். அன்று எங்களுக்காக எழுத ஆளில்லை. இன்று எழுதுகிறவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், கேள்வி கேட்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருவரையும் சேர்த்துவைக்க வேண்டிய புத்தகம் அலமாரிக்கு வரவில்லை. இது வருத்தத்தோடு விட்டுவிடக்கூடிய குறையல்ல. பதினைந்து வயதில் கைக்குக் கிடைக்காத புத்தகத்தைப் பலர் பிறகு தேடிப் போவதே இல்லை. என்னோடு கைமடித்தவர்களில் பலர் அப்படித்தான் வாசிப்பை விட்டுப் போனார்கள்.

செய்ய வேண்டியவை சின்னக் காரியங்கள். நூலகந்தோறும் பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு ஒரு தனி அலமாரி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேச வரும் உள்ளூர் எழுத்தாளருக்குப் பயணப்படியும், அவர் புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்க அனுமதியும் வேண்டும். எழுத்தாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்: நம் ஊரைப் பற்றிப் பெரியவர்களுக்கு நிறைய எழுதிவிட்டீர்கள், செக்கிங் டேபிளிலிருந்து அம்மா திரும்பி வரக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுங்கள்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நம்மிடம் வசூலாகிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பணத்தைக் கட்டிய உரிமையோடு உங்கள் கிளை நூலகத்துக்குப் போய், பிள்ளைகளுக்கான அந்த அலமாரி எங்கே என்று கேளுங்கள்.