உறையாசிரியர்

நூலுக்கு உரை வகுப்பவர் உரையாசிரியர் எனில், கடையில் வாங்கிய பொருளின் உறைமேல் அச்சாகியிருப்பதை ஒரு புள்ளி விடாமல் வாசித்து, பதவுரையும் பொழிப்புரையும் சொல்லி, கடைசியில் "ஏமாத்துறானுங்க" என்று முடிவுரையும் வழங்குபவரை உறையாசிரியர் என்று வழங்குவதில் பிழையில்லை. இவ்வகையினர் தமிழகமெங்கும் உளர் எனினும், சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ஜி.என்.டி. சாலையில், பெரியபாளையத்துக்கு வழி பிரியும் புதுவாயலைச் சுற்றி அவர்கள் செழித்து விளங்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதன் அக்கம்பக்கத்திலும் இயங்கும் ஆலைகளில் 'குவாலிட்டி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு இருக்கிறது. பிறர் செய்த பொருளைக் கையில் எடுத்து, அளந்து, முகத்தைச் சுளித்து, ஓரமாக வைப்பதற்கு மாதச் சம்பளம் தரும் பிரிவு அது. அதில் பத்தாண்டுகள் பணியாற்றிய ஒருவர் உறையாசிரியர் ஆகாமல் இருந்தால்தான் வியப்பு.

பணியிடத்தில் அவருடைய ஆயுதங்கள் சில. மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வரை காட்டும் வெர்னியர் ஒன்று. ஒரு முனை துளைக்குள் நுழைந்தே ஆகவேண்டும், மறுமுனை நுழையவே கூடாது என்னும் கண்டிப்புடன் செய்யப்பட்ட 'கோ, நோ-கோ' கேஜ் ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேலாக 'டாலரன்ஸ்' என்னும் கருத்து ஒன்று. குறித்த அளவிலிருந்து இவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் ஏற்கலாம் என்று வரைபடத்திலேயே எழுதிவைக்கும் வரம்புக்கு டாலரன்ஸ் என்று பெயர். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஏ ஷிப்ட் முழுவதும் இந்த வரம்பைக் காவல் காத்துவிட்டு, இரண்டு மணிக்கு மேல் கம்பெனி பஸ்ஸிலிருந்து புதுவாயலில் இறங்கும்போது, வெர்னியரைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்த அவரால் கண்ணை மட்டும் வைத்துவிட்டு வர முடிவதில்லை. அருகிலுள்ள சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை சென்றால் சொந்த வீடு அமையும் என்ற நம்பிக்கை ஒன்றில்தான் அவர் டாலரன்ஸ் கேட்பதில்லை. அங்கும் கற்பூரப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டே பிரிக்கிறார்.

உறைகளைப் பற்றிய சட்டம் அவருக்கு மனப்பாடம். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, தயாரித்தவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம், எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்யவேண்டிய முகவரி ஆகியவை உறைமேல் இருக்கவேண்டும். எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பதும் விதியே. ஒரு மில்லிமீட்டர் என்பது சட்டத்துக்குப் போதும். நாற்பது வயதைக் கடந்த கண்ணுக்குப் போதாது. ஆகவே மாலை ஏழு மணியளவில் புதுவாயல் மளிகைக் கடையொன்றின் வாசலில், செல்போன் டார்ச்சை ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் அடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டை முகத்துக்கு அருகிலும் தொலைவிலும் மாறி மாறிக் கொண்டுபோகும் ஒருவரைக் கண்டால், அவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று எண்ணிவிடலாகாது. அவர் நிகர எடையைத் தேடுகிறார்.

ஐந்து ரூபாய் பிஸ்கட்டின் வரலாறு உறையாசிரியர் மரபில் ஒரு தனிக் காண்டம். விலையை ஏற்றினால் வாங்குபவர் உடனே கவனித்துவிடுவார் என்பதால், விலையை அப்படியே நிறுத்தி எடையை மட்டும் சிறிது சிறிதாக இளைக்கவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. சில்லறை விலை ஐந்து, பத்து என்று முழு எண்ணாக நிற்கவேண்டிய நம் நாட்டில் அது இன்னும் வசதி. இந்த இளைப்பைக் கண்ணால் கண்டுபிடித்துவிடுவதில் உறையாசிரியருக்கு உள்ள பெருமிதம் சொல்லி முடியாது.

"அண்ணாச்சி, இதுல அம்பத்தஞ்சு கிராம்தான் போட்டிருக்கு."

"அஞ்சு ரூபாதான சார் வாங்குறேன்?"

"முன்னாடி எவ்ளோ இருந்துச்சு தெரியுமா?"

"முன்னாடி நான்கூடத்தான் எம்பது கிலோ இருந்தேன். சுகர் வந்து இளைச்சுட்டேன். யார்கிட்ட போய்க் கேக்குறது?"

இந்த விடையால் அவர் தளர்வதில்லை. அதே விதிகளின் முதல் அட்டவணையில், ஐம்பது முதல் நூறு கிராம் வரையுள்ள பொட்டலத்தில் நாலரை கிராம் வரை எடை முன்பின்னாக இருக்கலாம் என்று அனுமதி இருப்பதை எடுத்துரைத்து, ஐம்பத்தைந்து என்று போட்டிருந்தாலும் உள்ளே ஐம்பதரைதான் இருக்கக்கூடும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கடையில் நிற்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள் மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து தலையாட்டுகிறார்கள். பின்பு அதே பாக்கெட்டில் இரண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுகிறார்.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், ஷாம்பு, பற்பசை முதலியவற்றின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தபோது உறையாசிரியர்களின் வாழ்வில் ஒரு நெருக்கடி நேர்ந்தது. வரிக்குறைப்பைக் கழித்தால் ஐந்து ரூபாய் என்பது ஏறத்தாழ 4 ரூபாய் 45 பைசா ஆகவேண்டும். மீதி 55 பைசாவில் 50 பைசாவுக்கு நாணயம் உண்டு எனினும், 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு செல்லாக்காசு ஆகிவிட்டபடியால், எஞ்சிய ஐந்து பைசாவை ரிசர்வ் வங்கியே நினைத்தாலும் கையில் வைக்க முடியாது. அண்ணாச்சி வழக்கம்போல ஒரு மிட்டாயை நீட்டினார். நிறுவனங்கள் சில விலையைத் தொடாமல் எடையைக் கூட்டிக் கொடுத்தன. எடை கூடிய பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குறை சொல்ல எதுவும் அகப்படாமல், சற்று நேரம் திகைத்து நின்ற உறையாசிரியர், "பழைய ஸ்டாக்கத் தள்ளுறதுக்குத்தான் இப்படிப் பண்றானுங்க" என்று ஒருவாறு தேறினார்.

பிஸ்கட் அவரை அறிவுலகில்தான் வருத்துகிறது. உடலளவில் வருத்துவது ஷாம்பு பாக்கெட். சிறு பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் முறையைப் பரப்பியவர்கள் கடலூர்க்காரர்கள் என்பது வணிக வரலாறு. பணக்காரர் பயன்படுத்துவது ஏழைக்கும் கிடைக்கவேண்டும் என்று எண்ணிய சின்னி கிருஷ்ணனின் யோசனையை அவருடைய மக்கள் வெல்வெட் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தனர். அவர்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் பிரிந்து வந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அன்று முதல் பெட்டிக்கடைகளின் வாசலில் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கிய அந்தப் பாக்கெட், ஏழை பணக்காரர் என்ற வேறுபாட்டை எவ்வளவு தூரம் அகற்றியது என்பதை ஆய்வாளர்கள் சொல்லட்டும். திறக்க முடியாமை என்ற வகையில் இருவரையும் சமமாக்கிவிட்டது.

இரண்டாம் ஷிப்ட்டுக்குப் புறப்படும் ஒருவர் குளியலறையில் நிற்கும் நிலையை எண்ணிப் பார்க்கலாம். தலை நனைந்துவிட்டது, கண்ணில் நீர் வழிகிறது, விரல் வழுக்குகிறது. பாக்கெட்டின் ஓரத்தில் கத்தரிக்கோல் படம் ஒன்றும், புள்ளிக்கோடு ஒன்றும், 'இங்கே கிழிக்கவும்' என்ற அன்பான வேண்டுகோளும் உள்ளன. அவர் இழுக்கிறார்; பாக்கெட் நீள்கிறதே அன்றிக் கிழிவதில்லை. இதற்குக் காரணம் அவருக்குத் தெரியும்: இவ்வகை உறைகளில் வெளிப்புறம் இருக்கும் பாலியெஸ்டர் ஏடு, விளிம்பில் சிறு வெட்டு விழாதவரை எவ்வளவு இழுத்தாலும் தாங்கும், வெட்டு விழுந்துவிட்டாலோ ஒரே ஓட்டமாகக் கிழிந்துவிடும். அந்த வெட்டு அச்சிட்ட இடத்தில் இல்லாமல் மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது என்பதை நனைந்த கண்ணாலும் அவர் கண்டுகொள்கிறார். இறுதியில் பல்லால் கடிக்கிறார். பாலியெஸ்டரின் இயல்புப்படியே பாக்கெட் அடியோடு கிழிந்து, பாதி சுவருக்கும், கொஞ்சம் நாக்குக்கும், எஞ்சியது தலைக்கும் போய்ச் சேர்கிறது.

"ஏம்மா, கத்தரி எங்க?"

"ஆணியில மாட்டியிருக்கு. உள்ள போறதுக்கு முன்னாடியே வெட்டி எடுத்துக்கிட்டுப் போங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

இதில் அவரை மிகவும் புண்படுத்துவது வேறொன்று. பத்து கிராம் அல்லது பத்து மில்லிலிட்டருக்கு மேற்படாத பொட்டலங்களுக்கு மேற்சொன்ன விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. தம்மை நாள்தோறும் வதைக்கும் பொருள் சட்டத்தின் கைக்கு எட்டாத அளவுக்குச் சிறியது என்பதை எண்ணும்போது அவருக்கு ஏற்படும் மனவருத்தம் உண்மையானது.

இரவில் கொசுவத்தி. இரண்டு சுருள்களை ஒன்றோடொன்று பின்னி ஒரே வட்டமாகச் செய்வதால் பெட்டியில் இடம் மிச்சமாகிறது. பிரிக்கும்போது ஒன்றாவது ஒடிகிறது. ஜப்பானைச் சேர்ந்த உயேயாமா எய்ச்சிரோ முதலில் இதைக் குச்சியாகத்தான் செய்தார் என்றும், அது நாற்பது நிமிடங்களில் எரிந்துவிட்டதால், சுருளாகச் செய்தால் நெடுநேரம் எரியுமே என்று 1895-இல் யோசனை சொன்னவர் அவர் மனைவி யுகி என்றும், ஏழாண்டு முயற்சிக்குப் பின் 1902-இல் சுருள் விற்பனைக்கு வந்தது என்றும் வரலாறு சொல்கிறது. புதுவாயல் உறையாசிரியர் வீட்டிலும் கொசுவத்தி மனைவியின் துறையே. அவர் பிரித்தால் மூன்று துண்டு. அந்த அம்மையார் நடுவில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்ற, இரண்டு சுருளும் முழுதாக வந்துவிடுகின்றன. இதை 'ஆபரேட்டர் ஸ்கில்' என்று அவர் ஒப்புக்கொள்வதுண்டு. ஆனால் ஆபரேட்டரின் திறமையை நம்பி ஒரு பொருளை வடிவமைப்பது தவறு என்ற அடிப்படைக் கொள்கையை விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் கொள்கை சரியானதே. தகர ஸ்டாண்டின் நாக்கு, துளையைவிட எப்போதும் கொஞ்சம் தடித்திருப்பது பற்றி அவர் வைத்திருக்கும் கருத்துகள் இங்கே அச்சிடத் தக்கவையல்ல.

அவரை வெறும் குறைசொல்லி என்று ஒதுக்குவது நியாயமாகாது. விடுமுறை நாளில் கவரைப்பேட்டையில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகும்போது, தீப்பெட்டி ஆலையின் பெயரையே தாங்கிய விம்கோ நகர் நிலையம் வந்ததும், தீப்பெட்டி விலையைப் பற்றி அவர் உடன் பயணிப்பவருக்கு ஆற்றும் உரை நடுநிலையானது. பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயில் நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனபோது, விலை இரட்டித்துவிட்டது என்று ஊரே பேசியது. குச்சிகளும் 36-இலிருந்து 50 ஆயின என்பதைச் சுட்டி, குச்சி ஒன்றுக்கு ஏறத்தாழ 2.8 பைசாவாக இருந்தது 4 பைசாவாகியது, ஆக உயர்வு 44 விழுக்காடுதான் என்று சாதித்தவர் அவரே. பெட்டியைப் பிரித்துக் குச்சிகளை எண்ணிப் பார்த்தாரா என்று கேட்பது அவரை அறியாதவர்கள் செய்யும் காரியம்.

இவ்வளவு நுட்பமும் கடை வாசலைத் தாண்டுவதில்லை என்பதுதான் இவ்வகையினரின் தனி இலக்கணம். 1986-இல் வந்து, 2019-இல் புதுப்பிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் தெரியும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் அவர் செல்போனில் பதிவாகியே இருக்கிறது. மருமகன் ஒருவன் ஆர்வக் கோளாறினால், "மாமா, போன் பண்ணிடலாமா?" என்று கேட்டபோது, அவர் பதறிவிட்டார். புகார் செய்தால் குறை தீர்ந்துவிடும் அபாயம் இருக்கிறது. தீர்ந்த குறையை வைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போய் என்ன பேசுவது? வேறு கம்பெனிப் பொருளுக்கு மாறலாமே என்று யோசனை சொல்பவர்களும் அவரைப் புரிந்துகொண்டவர்கள் அல்லர். இருபது ஆண்டுகளாக ஒரே ஷாம்பு, ஒரே பிஸ்கட், ஒரே கொசுவத்தி. புதிய பொருளின் குறைகளை முதலிலிருந்து கற்றுக்கொள்ளும் வயது அவருக்கு இல்லை.

ஆலையிலும் சில நாட்கள் காற்று திசை மாறி வீசுவதுண்டு. அவர் பார்த்து, 'ஓகே' முத்திரை குத்தி அனுப்பிய உதிரிபாகம் பொருந்தவில்லை என்று வாங்கிய கம்பெனியிலிருந்து புகார் வருகிறது. குறை என்ன, காரணம் என்ன, இனி நேராதிருக்க வழி என்ன என்று எட்டுப் படிகளில் விடை எழுதி அனுப்பவேண்டிய '8டி ரிப்போர்ட்' என்னும் படிவம் மேசைக்கு வந்து சேர்கிறது. உறையாசிரியர் திருப்பி வந்த பாகத்தை எடுத்து, வெர்னியரால் மூன்று இடங்களில் அளந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அளவு டாலரன்ஸுக்கு உட்பட்டே உள்ளது, பொருத்துபவர் சரியாகக் கையாளவில்லை, அவருக்குப் பயிற்சி அளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, டீ குடிக்கப் போகிறார்.