கூட்டம் பிடிக்காதவர்

ஜூலையில் வெனிஸுக்குப் போகிறவர் டூரிஸ்ட். ஜனவரியில் போகிறவர் டூரிஸ்ட் இல்லையாம். ஜனவரியில் போகிறவரே இப்படிச் சொல்லிக்கொள்கிறார், அதுவும் யாரும் கேட்காமலே. அவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம்: முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் மூன்று சுற்று மஃப்ளர், கோட்டுப் பையில் ஜோசப் பிராட்ஸ்கியின் வெனிஸ் புத்தகம், இரண்டடி பின்னால் மனைவி.

தேதி குறிப்பதிலேயே அவருடைய சாமர்த்தியம் தெரிந்துவிடும். ஜனவரி 6-ஆம் தேதித் திருநாளோடு கிறிஸ்துமஸ் கூட்டம் கலைந்துவிடும். கார்னிவல் முகமூடிக் கூட்டம் வந்திறங்கச் சில வாரங்கள் ஆகும். இரண்டுக்கும் நடுவே நுழைந்துவிடுவார். ஓட்டல் வாடகை சல்லிசாகக் கிடைத்ததைப் பற்றி மூச்சு விட மாட்டார். “மூடுபனியில்தான் இந்த ஊரின் ஆன்மா தெரியும்” என்பார். மூடுபனியில் எதிரே வருகிற ஆளே தெரியாது என்பது வேறு விஷயம்.

அவருடைய பெருங்கனவு வெள்ளம். 1966 நவம்பரில் 194 சென்டிமீட்டர், 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் என்று கடல் ஏறிய கணக்கையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பார். சான் மார்க்கோ சதுக்கத்தில் தண்ணீர் நிற்க, மரப்பலகைப் பாதையில் ஜனங்கள் வரிசையாகப் போக, தாம் மட்டும் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். அதற்காகத்தான் பெட்டியில் பாதி இடத்தைப் பூட்ஸுக்கு ஒதுக்கினார். ஆனால் 2020 அக்டோபர் முதல், கடல் மிக உயரமாக ஏறும் என்று தெரிந்தால் கழிமுகங்களில் ‘மோசே’ மதகுகள் எழும்பிக் கடலை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது, இவருக்குத்தான் தூக்கமில்லை. காலையில் எழுந்ததும் வரவேற்பறையில் போய், “இன்று தண்ணீர் ஏறுமா?” என்பார். “ஏறாது சார், கவலைப்படாதீர்கள்” என்பார் அங்கிருப்பவர். இவருக்குக் கவலை பிடித்துக்கொள்ளும்.

சரி, ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராக இருப்போம் என்று ரியால்டோ மீன் சந்தைக்குக் கிளம்புவார். அன்று திங்கட்கிழமையாக இருக்கும். ஞாயிறும் திங்களும் அங்கே மீன் கிடையாது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காலி மேடைகளைச் சுற்றி வந்து, “என்ன அமைதி!” என்பார்.

கோண்டோலா என்றாலே முகம் சுளிப்பார். அது டூரிஸ்டுகள் ஏறுவது. பெருங்கால்வாயை அக்கரை கடக்க உள்ளூர்க்காரர்கள் நின்றபடியே போகும் டிராகெட்டோ படகுதான் அவருக்கு வேண்டும். படகு ஆட, பக்கத்துக் கிழவியின் தோளைப் பற்றிக்கொண்டு நிற்பார். அதில் ஊர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரருக்கு அதைவிட அதிகம். படகோட்டி எதையும் விசாரிப்பதில்லை. பூட்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டாவது கட்டணத்துக்குக் கை நீட்டுவார்.

1720-இல் திறந்த புளோரியன் காபிக்கடை வாசலில் மனைவியின் நடை தளரும். இவருடைய நடை வேகமெடுக்கும். அங்கே காபிக்கு ஒரு விலை என்றால், வாத்தியக்காரர்கள் வாசித்தால் அதற்கும் தனியாகக் கட்டணம். “இத்தாலியர்கள் நின்றுகொண்டேதான் காபி குடிப்பார்கள்” என்று சந்துக்கடைக்கு அழைத்துப் போவார். நின்று குடித்தால் விலை குறைவு என்ற உபதகவலைச் சொல்ல மாட்டார். காலையிலிருந்து பாலம் பாலமாக ஏறி இறங்கிய அம்மாள் அந்தக் காபியையும் நின்றுகொண்டே குடிப்பார்.

யாத்திரையின் உச்சகட்டம் சான் மிக்கேலே கல்லறைத் தீவு. நோபல் பரிசு பெற்ற பிராட்ஸ்கி, ஆண்டுகள் பலவாகக் குளிர்காலத்தில் வெனிஸுக்கு வந்துபோய், அதைப் பற்றிப் புத்தகமும் எழுதி, கடைசியில் இங்கேயே அடக்கமானவர். இங்கே டூரிஸ்ட் எவனும் வரமாட்டான் என்று நம்பிக்கையோடு படகிலிருந்து இறங்குவார். கல்லறையருகே ஏற்கெனவே மூன்று பேர். மூவர் கோட்டுப் பையிலும் அதே புத்தகம், மூவர் காலிலும் பூட்ஸ். ஆளில்லாத புகைப்படம் எடுப்பதற்காக, மற்ற மூவரும் எப்போது நகர்வார்கள் என்று நான்கு பேருமே காத்திருப்பார்கள். ஒருவர் மனதிலும் வேறு நினைப்பில்லை: “இந்த டூரிஸ்டுகளின் தொல்லை தாங்கவில்லையே!”

வெனிஸ் தீவில் இன்று 50,000 பேர்கூடக் குடியில்லை. காய்கறி வண்டியைப் பாலத்துக்குப் பாலம் தூக்கி இழுத்துப் போகும் பாட்டிக்கு ஜூலைக்காரரும் ஒன்றுதான், ஜனவரிக்காரரும் ஒன்றுதான். இருவருமே வழி நடுவில் நின்று மேலே பார்க்கிறவர்கள்.

நீங்களும் ஜனவரியிலேயே போங்கள். ஊர் அப்போது நிஜமாகவே அழகு. ஆனால் டூரிஸ்டாகவே போங்கள். கோண்டோலாவில் கூச்சமில்லாமல் ஏறலாம், பூட்ஸ் சுமக்க வேண்டாம், கூட வருகிறவருக்கும் உட்கார்ந்து ஒரு காபி கிடைக்கும்.