சாவி யார் கையில் இருந்தது

1982 ஜனவரியில் பள்ளி திறந்த நாள். பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆறாம் வகுப்பு. தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலுவலகச் சுவரில் இருந்த கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். பெரிய முள்ளை விரல் நுனியால் மெல்ல முன்னுக்குத் தள்ளினார். பன்னிரண்டுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு, எட்டு மணியும் அடித்து முடியும்வரை அப்படியே நின்றார். பிறகு இன்னும் பத்து நிமிடம் தள்ளினார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவைச் சாத்தி, சாவியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக வேண்டும் என்று மலேசியத் தீபகற்பம் முழுவதும் அந்தப் புத்தாண்டில் அரை மணி முன்னுக்குப் போனது. நகரத்தில் இருந்தவர்களுக்கு அது செய்தி. எங்களுக்கு அது இருட்டு. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரம் கடிகாரத்தில் மாறவில்லை, வானத்தில் மாறியது. புது நேரப்படி ஜனவரியில் விடிய ஏழே கால் தாண்டும். ரப்பர்ப் பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறுவதற்கு முந்திய குளிர்ச்சியில்தான் என்பதால் தோட்டத்து வேலை எப்போதுமே பின்னிரவின் வால் போலத்தான் தொடங்கும். அந்த ஆண்டு அது இன்னும் அரை மணி நீண்டது. அம்மா நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வழக்கத்தைவிடக் கறுப்பான இருட்டுக்குள் இறங்கிப் போனதை வாசலில் நின்று பார்த்தேன்.

பைராம் என்ற பெயரே யார்க்‌ஷயரிலிருந்து வந்தது. ராம்ஸ்டன் என்ற ஆங்கிலப் பாரனெட் குடும்பத்தின் பட்டத்தோடு ஒட்டிய ஊர்ப்பெயர் அது. நிபோங் திபால் வட்டாரத்தில் முதலில் கரும்பும் பிறகு ரப்பரும் போட்டவர்கள் அவர்கள். எங்கள் ஊரின் பெயரைப் போலவே எங்கள் நேரமும் வேறு யாரோ கொடுத்ததாகத்தான் இருந்தது. ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து வாட்ச்மேன் தண்டவாளத் துண்டில் அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீடுகள் இருந்த லயம் முழுவதும் எழுந்திருக்கும். அந்தக் கடிகாரத்தைத் தொட்டவர்கள், திறந்தவர்கள், சாவி கொடுத்தவர்கள் யாரும் லயத்து ஆட்கள் இல்லை.

லயத்து ஆட்களில் ஒருவர் மட்டும் வேறொரு கடிகாரத்தைத் திறந்தார். என் தாய்மாமா.

மாற்றலாகிப் போன ஓர் ஆபீஸ் கிராணி, வீட்டைக் காலி செய்யும்போது ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்றை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தடவை சாவி கொடுத்தால் 31 நாள் ஓடும் வகை. மலேசியாவில் பழைய வீடுகளில் இன்றும் நிறையப் பார்க்கலாம். மாமா கைவேலைக்காரர், சைக்கிள், பம்பு எல்லாம் பிரித்துப் பூட்டுவார். ஓடாத கடிகாரத்துக்கு முழுச் சாவி கொடுத்துப் பார்த்தார். அப்போதும் ஓடவில்லை. இயந்திரத்தை வெளியே எடுத்து, இரண்டு பித்தளைத் தட்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் நான்கு நட்டில் ஒரு பக்கத்து இரண்டை மட்டும் கழற்றினார். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்தது ஒரு சத்தம், சுவரில் போய் விழுந்த பல்சக்கரம், பாயெல்லாம் ரத்தம். வலது கைப் பெருவிரலின் அடிச்சதை கிழிந்துபோயிருந்தது. காயம் ஆறியது. விரல் முழுதாக மடங்கவே இல்லை. பால்வெட்டும் கத்தியை அழுத்திப் பிடிக்க முடியாமல் மாமா புல்வெட்டும் வேலைக்குப் போனார். அதில் கூலி குறைவு. கடிகாரத்தை அத்தை கோணிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

மாமா செய்தது முட்டாள்தனம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதுதான் குறை. அந்தக் கிராணிக்கும் தெரிந்திருக்காது.

அத்தை காலமான பிறகு அந்தச் சாக்கு என்னிடம் வந்தது. வேலை ஓய்வுக்குப் பிறகு கையில் நேரம் இருந்தது. ஆனாலும் அதை உடனே தொடவில்லை. பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலம் 2014இல் திறந்தபிறகு பினாங்குத் தீவுக்குப் போய்வருவது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சுலபமாகிவிட்டது. ஜார்ஜ் டவுனில் லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையில் மணி அடிக்காத, நேரம் மட்டும் காட்டும் எட்டு நாள் கடிகாரம் ஒன்றை நாற்பது வெள்ளிக்கு வாங்கினேன். ஒரே ஒரு ஸ்பிரிங், நாலைந்து சக்கரம். கற்றுக்கொள்பவருக்கு அது போதும். மணி அடிக்கும் கடிகாரத்தில் இரண்டு ஸ்பிரிங் இருக்கும், சக்கரங்களும் இரண்டு மடங்கு. முதல் கடிகாரமாக அதை எடுக்க வேண்டாம். 31 நாள் வகையை எடுக்கவே வேண்டாம். அத்தனை நாள் ஓடுவதற்கான பலம் முழுவதும் அந்த ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது.

லிட்டில் இந்தியா பக்கம் முன்பு கடிகாரக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மாமாவின் சாக்கையும் ஒருநாள் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தவர், மணி அடிக்கும் பக்கத்துத் தண்டில் சாவியை மாட்டி இலேசாக அசைத்தார். கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது இன்னும் இறங்கல."

மாமா நட்டைக் கழற்றிய அன்று ஒரு பக்கத்து ஸ்பிரிங்தான் அவிழ்ந்திருந்தது. மற்றப் பக்கத்து நட்டுகளை மாமா தொடவில்லை. அந்தப் பக்கத்து ஸ்பிரிங், மாமா கொடுத்த முழு முறுக்கோடு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சாக்குக்குள் காத்திருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாமாவின் கை பலம் அதற்குள் இருக்கிறது என்ற நினைப்பு ஒரு பக்கம். பேரப்பிள்ளைகள் அந்தச் சாக்கின்மேல் ஏறி விளையாடியது மறுபக்கம்.

பெரியவர் அதை இறக்கிய விதத்தைச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் இதுதான் முதல் பாடம். சாவி மாட்டும் தண்டில் ஒரு பல்சக்கரம் இருக்கும். அது பின்னுக்குச் சுழலாமல் ஒரு சிறு நாக்கு பல்லில் விழுந்து பிடித்துக்கொண்டிருக்கும், கிளிக் என்பார்கள். சாவி கொடுக்கும்போது கேட்கும் கடகட சத்தம் அதுதான். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வண்ணத்துப்பூச்சி மாதிரி இறக்கை வைத்த சாதாரணச் சாவியை அவர் எடுக்கவில்லை. நழுவினால் அந்த இறக்கை விரலை அடித்து நொறுக்கும். உருண்டையான மரக் கைப்பிடி வைத்த சாவி ஒன்றை மாட்டி, உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தார். முதலில் ஒரு மயிரிழை முன்னுக்குத் திருப்பி நாக்கின்மேல் இருந்த பாரத்தை எடுத்தார். இன்னொரு கையில் இருந்த திருப்புளியால் நாக்கைத் தூக்கினார். பிறகு பிடியைச் சற்றே தளர்த்த, கைப்பிடி அவர் உள்ளங்கைக்குள்ளேயே மெல்ல வழுக்கிச் சுழன்றது. அரைச் சுற்று வந்ததும் நாக்கை விழவிட்டார், மூச்சு விட்டார், மறுபடி தூக்கினார். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். சாவி தளர்ந்து சும்மா ஆடும் நிலை வந்தபிறகுதான் நட்டில் கை வைத்தார்.

உள்ளே இருப்பது நீண்ட எஃகுப் பட்டை, கைப்பிடிக்குள் அடங்கும்படி சுருட்டியது. அதைத் தட்டிலிருந்து வெளியே எடுத்துக் கழுவுவதற்குத் தனிக் கருவியும் தோல் கையுறையும் வேண்டும். முதல் வருடம் அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். மற்ற வேலை நிதானமும் சுத்தமும்தான். ஒவ்வொன்றாகக் கழற்றும்முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சு முனை சுழலும் துளைகளில் கறுத்த எண்ணெய் உறைந்திருக்கும். அதற்கு நான் சாத்தே குச்சியைத்தான் சீவி வைத்திருக்கிறேன். துளையில் விட்டுத் திருகி எடுத்தால் கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை புதுப் புது முனை சீவித் திருக வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவதை அடுப்படியில் நினைத்தும் பார்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசின் ஆகிவிடும். கடிகார எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி, அச்சு முனைகளுக்கு. சக்கரப் பல்லுக்கு வேண்டாம்.

இருட்டில் பச்சையாக ஒளிரும்படி பூசிய பழைய அலாரம் கடிகாரங்களும் சந்தையில் கிடைக்கும். அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம். 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ரேடியம் பூச்சைத் தூரிகையால் பூசிய பெண்கள் பலர், தூரிகையை உதட்டில் வைத்து முனை கூராக்கியதால் நோயுற்று இறந்தார்கள். பச்சை ஒளி செத்துவிட்டாலும் ரேடியம் சாகவில்லை. அது பாதியாகக் குறையவே 1600 ஆண்டு வேண்டும். அந்த முகப்பைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். கண்ணாடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

பெரியவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சில நாள் கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் உள்ள மணிக்கூண்டருகே நிற்பேன். விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சிக்காகச் சியா சென் இயோக் 1897இல் கொடையளித்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி. 1902இல் அது முடிவதற்குள் அரசி இறந்துவிட்டார். போர்க்காலக் குண்டுவீச்சில் கூண்டு சற்றுச் சாய்ந்தது, அப்படியே நிற்கிறது. இன்று அதைப் பார்த்து யாரும் நேரம் தெரிந்துகொள்வதில்லை. படம் எடுக்கிறார்கள், நேரம் கைப்பேசியிலேயே இருக்கிறது.

பைராமிலும் அப்படித்தான். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை. தண்டவாளத் துண்டை அடித்து எழுப்ப ஆள் இல்லை. நேரத்துக்குப் பயந்து எழுந்த அப்பா அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு சுவர்க்கடிகாரம் வாய்க்கவில்லை. எனக்கு எந்த நேரத்துக்கும் எழ வேண்டிய அவசியம் இல்லை, வீட்டில் ஆறு கடிகாரம் ஓடுகிறது. ஞாயிறு காலை ஒவ்வொன்றாகச் சாவி கொடுக்கும்போது அவர்கள் இருவரையும் நினைக்காமல் இருந்ததில்லை.

மாமாவின் கடிகாரத்துக்கு ஒரு பக்கத்து ஸ்பிரிங் புதிதாகப் போட்டோம். வளைந்திருந்த அச்சு ஒன்றைப் பெரியவர் நிமிர்த்திக் கொடுத்தார். மணி அடிக்கும் பக்கத்தில் பழைய ஸ்பிரிங்கையே விட்டுவைத்திருக்கிறோம், நன்றாக இருக்கிறது. டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமாகும்வரை பெட்டியைச் சுவரில் இடமும் வலமும் நகர்த்திப் பார்த்ததில் ஒரு மாலை போயிற்று. வாரத்துக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது. ஊசலின் அடியில் இருக்கும் நட்டைச் சற்றே மேலே ஏற்றினால் சரியாகும்.

தோட்டத்து வீடுகளின் பரண்களில் இப்படி எத்தனையோ கிடக்கும். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அது ஓடி எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், உள்ளே முறுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஸ்பிரிங்கை இறக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதுவரைக்கும் நட்டைத் தொடாதீர்கள்.